மறியலில் நடந்த ஆய்வு வகுப்பு

எம்.எட். படிப்பில் எங்களுக்கு ஆய்வு முறைகள் நடத்திய பேராசிரியர் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. யார் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்? எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்பார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. கல்வராயன் மலைப் பள்ளிகளில் ஆய்வுக்கான கேள்வித்தாள் நிரப்பிப் பழக, கள்ளக்குறிச்சியிலிருந்து எங்களைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். வடக்கனந்தல் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்துகொண்டிருந்தார்கள்.

மறியலை நடத்தியவர் ஜன்னலருகே வந்து, "எங்க ஊர்ல படிச்ச ஒருத்தனுக்கும் வேலை இல்ல சார்" என்றார்.

"எப்படித் தெரியும்? எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்று பேராசிரியர் கேட்டே விட்டார். எங்களுக்கு உயிர் போய் வந்தது.

"இன்னா சார், நம்பலியா? எல்லாரும் இங்கதான் குந்திக்கினு இருக்காங்க. நீங்களே கேளுங்க."

பேராசிரியர் உடனே இறங்கிவிட்டார். எங்களையும் இறக்கி, படிப்பு, வேலை பற்றி இருபது கேள்விகளைச் சொல்லி, கேட்டு எழுத ஆளுக்கு ஐந்து பேரைப் பிரித்துக் கொடுத்தார். பயத்தில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

மாலையில் மரத்தை நகர்த்தியதும் டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஏறிவிட்டோம். அப்போது மறியலை நடத்தியவர் படியருகே வந்து, "என்னை வுட்டுட்டீங்களே சார். நானும் பி.எஸ்சி.தான்" என்றார்.

"நேரமாச்சு சார், போயிடலாம்" என்று பஸ் முழுக்கக் கத்தியது. பேராசிரியர் ஒரு புதுத் தாளோடு இறங்கி, அவருடைய இருபது பதில்களையும் நிதானமாக எழுதிக்கொண்டார்.

பேராசிரியருக்கு இருந்தது துணிச்சலா, அல்லது சுற்றிலும் நடப்பது மறியல் என்பதே மறந்துபோயிருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.