காதைப் பொத்திக்கொண்டு பார்த்த டாங்கி

மோட்டார் வைத்த ராணுவ டாங்கி பொம்மையைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு உத்தியோகம் என்றால் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. கீழே விழுந்த ஒரு ஸ்க்ரூவுக்காக வகுப்பறை முழுக்கத் தவழ்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய புதிது. பட்டாசு ஊரான எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்குச் சனிக்கிழமை வகுப்பு. தாளாளர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. ஆண்டு விழாவில் டாங்கி பலகை மேட்டில் ஏறினால்தான் அடுத்த வருஷமும் வகுப்பு என்று சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் நான் மதுரைக்குப் போய் மச்சானின் மிக்ஸி கடையில் உட்கார வேண்டும். மச்சான் நல்லவர்தான், ஆனால் கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் அறிவுரை சொல்வார்.

முதல் ஓட்டம்

முதல் டாங்கியைப் பூட்டி முடித்தவள் எட்டாம் வகுப்பு செல்வி. டாங்கியோடு வயரில் இணைத்த சுவிட்சுப் பெட்டியைக் கையில் கொடுத்து, சுவிட்சைப் போடச் சொன்னேன். போட்டாள். அடுத்த நொடி சுவிட்சுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வகுப்பே பின்னால் ஓடியது. டாங்கி தன் சுவிட்சுப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போய் பீரோவில் முட்டியது. ஏன் ஓடினாய் என்று கேட்டேன்.

"பத்தவச்சுட்டுப் பக்கத்துல நின்னா எங்கம்மா அடிக்கும் சார்."

ஸ்க்ரூடிரைவர்

செல்வியின் அப்பா பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வகுப்பைப் பார்க்க வந்தவர் செருப்பை வாசலில் விட்டார், சன்னலையெல்லாம் திறந்தார், என் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரும்பு உரசினால் பொறி வரும், பித்தளையில் இல்லையா என்றார். இதில் வெடிமருந்தே கிடையாது, வெறும் பேட்டரிதான் என்றேன். ஸ்க்ரூடிரைவரை மெதுவாக, சத்தம் வராமல் மேசையில் வைத்தார்.

"மருந்து இல்லைன்னு நமக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியணுமில்ல."

அறுந்த பட்டை

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் பட்டை இரண்டும் வெயிலில் காய்ந்து, அப்பளமாக நொறுங்கிவிட்டன. வேறு பட்டை மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். எனக்கு மச்சானின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அழாத குறைதான்.

செல்வியின் அம்மா கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். மகளைக் கூட்டிப்போக வந்தவர் நொறுங்கிய துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிவப்புத் தாளில் மருந்தில்லாத வெறுங்குழாய் உருட்டி, சணலில் கோத்துப் பட்டையாகப் பின்னித் தருவதாகச் சொன்னார். அது தாங்குமா என்று இழுத்தேன்.

"ஆயிரம் வெடிச் சரமே அறாது, இது அறுந்துருமாக்கும்? எம்புட்டு நீளம்னு மட்டும் சொல்லுங்க."

மேடு

விழா மண்டபம் நிறைந்திருந்தது. சக்கரத்தில் அசல் சரவெடி போலவே செக்கச்செவேலென்று சரத்தைச் சுற்றிக்கொண்டு டாங்கி புறப்பட்டது. முதலில் எழுந்தவர் தாளாளர். யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. பழகிய கால்கள், இரண்டு வாசல் வழியாகவும் வரிசையாக வெளியேறின. டாங்கி ஜம்மென்று மேட்டில் ஏறியது. அதைப் பார்த்தது நானும் மேசையிலிருந்த மாலையும்தான்.

வாசலில் செல்வியின் அப்பா காதைப் பொத்திக்கொண்டு நின்றார். உங்கள் வீட்டில் உருட்டியதுதானே என்று கேட்டேன். "எனக்குத் தெரியும் சார், காலு கேக்கலையே" என்றார்.

செல்வியின் அம்மா மட்டும் உள்ளே வந்தார். ஒரு குழாயை உருவி, சன்னல் பக்கம் திரும்பி விசிலாக ஊதிக் காட்டினார். பிறகுதான் கூட்டம் திரும்பியது. டாங்கி மறுபடியும் ஏறியது. தாளாளர் டாங்கியைப் பார்க்கவே இல்லை, குனிந்து சரத்தின் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தார். என் வேலை அந்த விரலில் தொங்கியது. நிமிர்ந்தார்.

"கிளாஸ் நடக்கட்டும் தம்பி. இந்தம்மா சொல்லிக்கொடுக்கட்டும், நீங்க ஸ்க்ரூ முறுக்குங்க."

மூன்று வருஷம் அந்த அம்மாவுக்குக் கீழே ஸ்க்ரூ முறுக்கி நான் கற்ற அறிவியல், இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி சுவிட்சைப் போட்டதும் நாலடி தள்ளிப்போய் நிற்பதுதான்.