மரவுரியில் ஒரு பின்னந்தலை

கம்பாலாவில், நகுலபி சந்தைக்குப் பின்னால் நமகண்டா முடி பின்னும் கடை வைத்திருக்கிறாள். பக்கத்தில் நான் மரவள்ளிக்கிழங்கு பொரித்து விற்கிறேன். ஆள் வராத மழை மதியங்களில் அவள் காகிதத்தில் படம் வரைவாள். யாரிடமும் போய்க் கற்றதில்லை.

போன வருடம் அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. தன் முன்னால் தலையைக் கொடுத்து உட்காரும் பெண் ஒருத்தியை மரவுரியில் பெரிதாக வரைய வேண்டும்; சாயம், சவுரிமுடி, துணிக்கிழிசல் எல்லாம் அதில் சேர வேண்டும். மரவுரி எங்களுக்கு இறந்தவர்களைச் சுற்றிப் புதைக்கும் துணி. அவளுடைய அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"பொணத்துக்குச் சுத்துறத கடையில மாட்டினா எவடீ தலையக் குடுப்பா?"

"நம்ம முப்பாட்டனெல்லாம் இதத்தான் அத்தை இடுப்புல கட்டியிருந்தாங்க. உசுரோடதான் இருந்தாங்க."

ஆனால் துணி அவளுக்கு அடங்கவில்லை. பூசிய சாயத்தையெல்லாம் குடித்துவிட்டு மங்கிப்போய் நின்றது. முகம் வரைந்தால் காய்ச்சல்காரியின் முகமாக வந்தது. பசை தடவி முடியை ஒட்டினாள்; காய்ந்ததும் பசை வெடித்து, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அழித்து அழித்து வரைந்ததில் கன்னத்தில் துணி நைந்து ஓட்டை விழுந்தது. தூரிகையைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"விட்டுத்தொலைடீ. காகிதத்துலதான் அழகா வரைவியே, அதையே வரையேன்" என்றேன்.

"காகிதம் சொன்னதக் கேக்குதுக்கா. அதான் அலுத்துப்போச்சு. இது எங்கூட சண்டைக்கு வருது. வரட்டும்."

அத்தை அந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, துணியே வேணாங்குது!"

நமகண்டா சவுரி தைக்கும் வளைந்த ஊசியை எடுத்து, கறுப்பு நூல் கோத்து, ஓட்டையை எல்லார் கண்ணிலும் படும்படி தைத்தாள். தையல் அசையாமல் நின்றது. இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கொத்து முடியை எடுத்து, வரைந்த முகத்தின் மேலேயே தைக்கத் தொடங்கினாள்.

"அய்யோ, மூஞ்சி போகுதே!" என்று பதறினேன்.

"போகட்டும். காலைலேருந்து நான் பாக்குறது பின்னந்தலைதான். எவ மூஞ்சிய நான் பாத்தேன்? நீ திரும்பி உக்காருக்கா."

கிழங்குச் சட்டியை இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் தைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புண். வகிடு வரும் இடங்களில் எதுவும் பூசாமல் விட்டாள். மரவுரியின் பழுப்பு நிறமே தலைத்தோலாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே சிவப்புத் துணிக்கிழிசல்களை அடுக்கினாள்.

வாசலுக்கு நேரே மாட்டினாள். இரண்டு வாடிக்கைக்காரிகள் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். படம் விற்கும் ஒருவர் வந்து பார்த்து, "முகத்தக் காட்டி, சிரிக்கிற மாதிரி செஞ்சு குடும்மா. உடனே வாங்கிக்கிறேன்" என்றார்.

"சிரிச்ச மூஞ்சி வேணும்னா அந்தக் கண்ணாடியில பாத்துக்குங்க" என்றாள்.

படம் அங்கேயேதான் தொங்குகிறது. அத்தை இன்னமும் முடி பின்னிக்கொள்ள வருகிறார். படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். நமகண்டா அவரோடு சேர்த்தே நாற்காலியைப் படத்தின் பக்கம் திருப்பிப் போடுகிறாள்.