ஈட்டிப் படையும் ஷிப்ட் டீயும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். பாதி மறந்தும் போச்சு. கேன்டீன் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறும் வேலை எனக்கு. வருடாந்திர விழாவில் எல்லா செக்‌ஷனுக்கும் போட்டி உண்டு, கேன்டீனுக்கு மட்டும் கிடையாது. நாங்கள் டீ ஊற்றுவோம். ஒரு வருடம் கம்ப்யூட்டரில் பழங்காலத்துப் போர் விளையாட்டு வைத்தார்கள். பாத்திரம் கழுவும் ரத்னம்மா, பாகலூர்க்காரி, போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். டீமுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று என் பெயரையும் சேர்த்துவிட்டாள். ஒரு ஆட்டமாவது ஜெயித்தால்தான் அடுத்த வருடமும் கேன்டீனுக்கு இடம் என்று மேனேஜர் சிரித்தார்.

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆடிப் பழகினோம். குதிரைப்படை அவளுக்கு, ஈட்டி பிடித்த காலாட்படை எனக்கு. ஈட்டிக்காரர்கள் வரிசையாக நின்றால், நேரே வரும் குதிரை குத்துப்பட்டு விழும். நான்தான் நிற்க விடமாட்டேன். எதிரிக் குதிரை பயந்ததுபோல் திரும்பி ஓடினால் ஆட்களை விரட்ட அனுப்பிவிடுவேன். வரிசை கலைந்ததும் குதிரை திரும்பி வந்து மிதித்துவிடும்.

"தொரத்தாதக்கா. சோத்து லைன்ல யாராவது நவுந்தா வுடுவியா நீ? அப்படி நிக்க வையி," என்பாள் ரத்னம்மா.

போட்டி கேன்டீன் ஹாலிலேயே நடந்தது. எதிரே மெயின்டனன்ஸ் முருகேசனும் இன்னொருவரும். குதிரை முருகேசனிடம். "பெரியம்மா, தோத்தாலும் டீ குடுத்துருவீங்கல்ல?" என்றார். எனக்குத் தலையே நிமிரவில்லை.

அவர் குதிரைகள் வந்தன, திரும்பி ஓடின. விரட்ட எனக்குக் கை துடித்தது. அந்த நேரம் பார்த்து ஷிப்ட் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் நான் டீ டிரம் முன்னால் நிற்க வேண்டும், உடம்பில் ஊறிய பழக்கம். மவுஸை விட்டுவிட்டு எழுந்து போய் டம்ளர் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முருகேசன் மறுபடி மறுபடி ஓடிக் காட்டினாராம், ஒருவரும் விரட்டவில்லை. பொறுமை போய் நேராக வந்து ஈட்டியில் மோதினார். ரத்னம்மா சுற்றிப்போய்ப் பின்பக்கமாகத் தன் குதிரைகளை விட்டாள்.

கூச்சல் கேட்டுத் திரும்பினேன்.

"ஜெயிச்சிட்டோம்க்கா. நீ அங்கியே நில்லு, இங்க வந்துடாத," என்றாள்.

முருகேசன் வந்து தானே டீ பிடித்து என் கையில் கொடுத்தார். "இந்தாங்க பெரியம்மா. நின்ன ஆளுகளுக்கும் சேத்துக் குடிங்க."

அடுத்த ஆட்டத்தில் சங்கு ஊதவில்லை, தோற்றோம். ஆனாலும் கேன்டீன் டீம் இன்றைக்கும் ஆடுகிறது. நீங்களும் ஆடுவீர்கள். குதிரை ஓடும்போது கை துடித்தால், கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படை விவரம் எதுவும் தப்பாக எழுதியிருந்தால், ரத்னம்மாவிடம் யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள்.