அம்மா வெட்டிக் கொடுத்த அட்டை

விமான நிலைய வாசலில் அண்ணன் வேனோடு காத்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முதல்நாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டது. நான் குவைத்திலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை பெட்டியை மூடமாட்டோம் என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் ஊர் கந்தப்பளையில் மழை பிடித்து இருட்டியும் விட்டால், தோட்டத்து இடுகாட்டு மேட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள்?

அண்ணன் பழைய வேனை விற்றுவிட்டு டர்போ வேன் வாங்கிய பெருமையைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. பழையது மேட்டில் மூச்சு வாங்குமாம். இது காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டு பறக்குமாம். அன்றைக்கு அது பறக்கவில்லை. கித்துல்கலையில் வெயில் கொளுத்தியது. கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்தது. தேங்காய் ஏற்றிய ஒரு கிழட்டு லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து மாமா அழைத்து, மேகம் கறுத்துவிட்டது, எங்கே வருகிறீர்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த லட்சணத்துக்கா இவ்வளவு பீற்றினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். முன்பக்கம் போனவர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் பார்த்தேன். வண்டியின் முன் கம்பி வலைக்குப் பின்னால் தடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது.

எங்கள் பக்கத்துக் குளிரில் காலையில் இஞ்சின் சீக்கிரம் சூடேற, முன்பக்கத்தை அட்டையால் மூடுவது வழக்கம். பழைய வேனில் அண்ணன் அதை எடுக்க மறந்து கொழும்புவரை போய் வந்ததுண்டு. சூடு காட்டும் முள் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இது வேறு. டர்போ அமுக்கும்போதே காற்று சூடாகிவிடும். எதிர்க்காற்று பட்டு அது ஆறினால்தான் இழுவை கிடைக்கும். அட்டை மறித்து ஆறாத காற்றில் பலம் இல்லை. பள்ளத்து வெயிலும் சேர, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அண்ணன் இதையெல்லாம் அழுகையோடு சொன்னார்.

வாய் நிறையத் திட்டு வைத்துக்கொண்டு அட்டையை உருவினேன். தீபாவளிக்கு நான் சாமான் அனுப்பிய பெட்டியின் அட்டை. அம்மாவின் பெயரும் தோட்டத்து விலாசமும் என் கையெழுத்தில் இருந்தன.

"அம்மாதான் வெட்டிக் குடுத்துச்சு," என்றார் அண்ணன். "புது வண்டி குளிருல நிக்குதேன்னு."

அட்டையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். இஞ்சின் ஆறும்வரை இருவரும் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தோம். அட்டன் தாண்டியதும் குளிர்காற்று வந்தது. வண்டி சொன்னபடி கேட்டு மேடேறியது. அட்டை என் மடியில் இருந்தது.

தூறலில் குடை பிடித்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். பெட்டியை இன்னும் மூடவில்லை. நான் உள்ளே போனேன். அண்ணன் வேனைவிட்டு இறங்கவே இல்லை. உன்னால்தானே தாமதம் என்று அம்மா கேட்டுவிடும்போல உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அம்மாவின் கன்னம் சில்லிட்டிருந்தது. அண்ணன் குனிந்து, "எம்மேலதாம்மா பிழை," என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னேன்: "அண்ணன் சும்மா சொல்லுதும்மா. நீ போத்திவிட்டதுல வண்டி குளிராம வந்துச்சு."