சுட்ட மாங்காய் காக்டெயில்

தங்கவயலில் வெள்ளைக்காரன் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனான். பதிலுக்கு 'டோஸ்ட்'டை விட்டுப் போனான். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிச்சயதார்த்தம் என்றால், பெண்ணின் தாய்மாமன் எழுந்து, கிளாஸை உயர்த்தி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொன்ன கையோடு கிளாஸைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் வைத்தால் வாழ்த்து பலிக்காதாம்.

இந்த மே மாதம் எங்கள் மகளுக்கு நிச்சயம். தாய்மாமன், அதாவது என் மனைவியின் தம்பி, குடியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் குடித்த காலத்தில் நாங்கள் பட்ட பாடு எங்கள் ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் அத்தனைக்கும் தெரியும். விசேஷத்துக்கு முந்தின வாரம் வந்து வாசலிலேயே நின்றான்.

"டோஸ்ட்ட வேற யார்னா சொல்லட்டும் மாமா. நான் மட்டும் சோடாவ கைல வெச்சினு நின்னா எல்லாரும் என்னையேதான் பாப்பாங்க. அவங்க குடிக்கறத ஒரு வாய் குடிச்சேன்னா, அவ்ளோதான், தொலைஞ்சேன்."

என் மனைவி உள்ளே இருந்தபடியே, "நீ வாடா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர்க்காரர்கள். வெயிலுக்கு ஒரு காக்டெயில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சம்பந்தி சொல்லியிருந்தார். நான் பங்காருபேட்டை வரை போய் நல்ல ஜின்னாகப் பார்த்து வாங்கிவந்தேன். அவள் பாட்டில்களைப் பிடுங்கி பீரோவில் வைத்தாள். "கலக்கறது என் வேல. நீங்க போயி சேர் போடுங்க."

நிச்சயத்தன்று காலை மாங்காய்களைத் தணலில் தோல் கருகச் சுட்டாள். சதையைப் பிசைந்து இஞ்சிச் சாறு, புதினா, வெல்லம், உப்பு சேர்த்தாள். பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டாள். காரம் நாக்குக்குத் தெரியக் கூடாதாம், தொண்டைக்குத் தெரிய வேண்டுமாம். கைப்பக்குவத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்குள் பந்தல்காரர் கூப்பிட, ஜின்னை எப்போது ஊற்றினாள் என்று நான் பார்க்கவில்லை.

சபையில் ஜாடியில் சோடாவைச் சேர்த்து, நுரை அடங்குமுன் எல்லாருக்கும் ஊற்றினாள். தம்பிக்கும் அதே ஜாடியிலிருந்துதான். நான் தடுக்கப் போவதற்குள் அவன் எழுந்து நின்றான். கிளாஸை உயர்த்தாமல் அக்காவைப் பார்த்தான்.

அவள் பக்கத்தில் போனாள். "இருடா, இனிப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்று அவன் கிளாஸையே வாங்கி, அத்தனை பேர் எதிரிலும் ஒரு பெரிய மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சாராய வாடை வந்தால் இருமல் மருந்தைக்கூடத் துப்பிவிடுகிறவள் அவள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜின் பீரோவைவிட்டு இறங்கவே இல்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

அவன் நிமிர்ந்தான். மருமகளைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் காட்டப் போன கதையைச் சொன்னான், எல்லாரையும் சிரிக்க வைத்தான், வாழ்த்தினான், கிளாஸைக் காலி செய்தான். சம்பந்தி தொண்டையைத் தடவிக்கொண்டு, "செம ஸ்ட்ராங்குங்க! என்ன பிராண்டு?" என்றார். வீட்டுத் தயாரிப்பு என்று சொல்லி வைத்தேன்.

அப்போது அவன் காலிக் கிளாஸை நீட்டினான். "அக்கா, இன்னொன்னு ஊத்து."

அவன் இன்னொரு கிளாஸ் கேட்டு, எங்கள் வீட்டில் யார் முகமும் வாடாதது அன்றைக்குத்தான்.