ஒற்றைப் பருப்பு

மண்ணெண்ணெயில் நனைந்த பித்தளைத் தூள் சூடேறினால் ஒரு வாசனை வரும். பழைய காசை நாக்கில் வைத்தது போல இருக்கும், கூடவே அடுப்பு அணைந்த வாடை. போன மாதம் ஒரு கடையில் பரிசுக் கேடயம் வாங்கக் காத்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓர் ஊசி தானே ஓடி எதையோ செதுக்கிக்கொண்டிருந்தது. யார் கையும் அதன் மேல் இல்லை. வாசனை மட்டும் அதே வாசனை. வெளியே வந்து வெயிலில் நின்றேன். அந்த நிமிஷம் எனக்கு மறுபடியும் இருபத்திரண்டு வயதாகிவிட்டது.

எண்பதுகளின் பிற்பாதி. விழுப்புரத்தில், காணை போகிற சாலையில், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். மல்லாட்டை உடைக்கும் மெஷின் செய்தார்கள்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஓடு உடைய வேண்டும், பருப்பு உடையக் கூடாது. அந்த வித்தை முழுவதும் உள்ளே இருக்கிற வளைந்த சல்லடையில் இருந்தது. சல்லடையை யோசித்தவர் சித்தப்பா. வாங்க வருகிறவர்களிடம் பேசியவர் அப்பா.

பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஓட்டிக் காட்டியதும் பருப்பை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து அசந்துபோனார்.

"யாரு மூளைங்க இது?"

"நம்மளுதுதான்" என்றார் அப்பா.

மெஷினுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "அது யாருங்க?"

"அதுவா? நம்ம ஃபிட்டரு."

அப்பா யோசித்துச் சொல்லவில்லை. பேச்சு வேகத்தில் வந்த வார்த்தை. ஆனால் நட்டை முடுக்கும் வேகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால்கள் நின்றன. நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

அதன்பின் சித்தப்பா வேலைக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அப்பாவிடம் பேசுவது மட்டும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டிவனம் போனார். சித்தியின் ஊர். அங்கே தனியாப் பட்டறை போட வாடகைக்கு ஒரு ஷெட் பார்த்துக்கினு இருக்கார் என்று ஊரெல்லாம் பேச்சு, எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அதைப் பேசவில்லை. என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனுஷன். அவர் இல்லாத பட்டறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது நான் ஓர் இன்ஜினியர் ஆபீசில் டிரேசிங் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் மேல் அறைகிற அலுமினியத் தகட்டுக்கு ஒரு சின்னம் வரையச் சொன்னார் அப்பா. நான் வரைந்தது, பிளந்த ஒரு மல்லாட்டைக் காய். உள்ளே இரண்டு பருப்பு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இருக்கக் கூடாது என்பதற்காக டிவைடர் வைத்து அளந்து அளந்து வரைந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "நல்லாகீது, ஜல்தி அச்சு போட்டுட்டு வா" என்றார். அவருக்குப் புரிந்ததா தெரியாது. என் கணக்கெல்லாம் ஒன்றுதான். தகடு மெஷினில் ஏறிய அன்றைக்குச் சித்தப்பா அதைப் பார்ப்பார், ஷெட்டை மறந்துவிடுவார்.

தகட்டில் சின்னத்தை அழுத்திப் பதிக்கிற பித்தளை அச்சை வெட்டுகிறவர் திண்டிவனத்தில் இருந்தார். சித்தப்பாவோடு ஐடிஐ படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் போய் இறங்கினேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா தம்பி, ஓடு மேல இம்மாம் நரம்பு போட்டுக்கினு வந்துகிற?"

"நிஜமா அப்டித்தானேண்ணே இருக்கும்?"

"நிஜம் கீது. நீ வரைஞ்சத நாலுல ஒண்ணா சுருக்கணும். இந்த நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு சேறாயிடும். முக்காவாசிய எடு. மிச்சத்த தடிமனாக்கு."

பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். கூரான மூலைகளையும் மழுக்கச் சொன்னார். வெட்டுகிற ஊசி உருண்டை, அதனால் கூர்மையான உள்மூலை எதற்குள்ளும் நுழையாது. நான் அழகு என்று நினைத்ததெல்லாம் தாளில் தூளாகக் கிடந்தது. இரண்டு பருப்பு மட்டும் போதும், அவை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி வர வேண்டும் என்பதற்காக அவர் தாளைத் திருப்பிப் போட்டுப் பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டினார். கோட்டின் மேலேயே கீறிப் பள்ளம் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு முள்ளை ஓட்டினால், மறுபக்கத்தில் ஊசி அதையே சின்னதாகப் பித்தளையில் வெட்டும். அதுதான் அந்தக் காலத்து மெஷின்.

கீற ஆரம்பிக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. சித்தப்பா.

"வா மச்சான், உங்க வூட்டு மல்லாட்டைதான் அறுவடை ஆயிக்கினுகீது" என்றார் வெட்டுகிறவர்.

சித்தப்பா சிரித்தார். தகட்டின் மேல் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது.

"ஒரு பருப்ப எடுத்துடுடா" என்றார்.

"சித்தப்பா..."

"ஷெட்டு பேசி முடிச்சிட்டேன். நாளைக்கு உங்கப்பா அதப் பாக்கும்போதெல்லாம் என்னைப் பாத்த மாதிரி இருக்கும். வோணாம்."

வெட்டுகிறவர் நிலைமை புரியாமல் சிரித்தார். "ஒத்தப் பருப்புக் காய எந்த வெவசாயி மதிப்பான் மச்சான்? குலுக்கிப் பாத்துட்டுப் பொக்குன்னு தூக்கி வீசிட்டுப் போவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மண்ணெண்ணெய்ப் புட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எதிரிலிருந்த மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஃபோன் இருந்தது. பட்டறைக்குப் பக்கத்து மளிகைக்கடை நம்பரைச் சொன்னேன். லைன் கிடைத்து, ஆள் போய்க் கூப்பிட்டு, அப்பா வந்தார்.

"இன்னாடா, முடிஞ்சிதா?"

"அப்பா, சித்தப்பா இங்கதான் இருக்காரு. ஒரு வார்த்த பேசுங்கப்பா. இருன்னு சொன்னா இருப்பாரு."

அந்தப் பக்கம் அரவை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அவன் வந்து ஃபோனப் புடிச்சா பேசறேன்."

ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். சித்தப்பா படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்டாரா?" என்று கேட்டார்.

வரத் தயாராக இருந்த குரல். ஆமாம், கூப்பிட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். இத்தனை வருஷத்தில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் உதவாத பொய்கள், எழுத்தில் சொன்ன பொய்கள், அந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை.

"நீங்க வந்து ஃபோனப் புடிச்சா பேசறேன்றாரு."

"அப்போ கூப்பிடல."

படியிறங்கிப் போய்விட்டார். நான் ஃபோனைக் காதில் வைத்தேன். அப்பா இன்னும் இருந்தார். மூச்சு கேட்டது. "இன்னா சொன்னான்?" என்றார். நான் சொன்னேன். "பேஜாருடா" என்றார் அப்பா, யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. "அவன் எப்டி சொல்றானோ அப்டியே வெட்டிக்கினு வா." ஃபோன் வைக்கும் சத்தம்.

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்ன ஒரே காரியம் அதுவாகிவிட்டது.

அச்சு வெட்டுகிறவரிடம் திரும்பி வலப்பக்கப் பருப்பைப் பிளேடால் எடுத்தேன். அதை எடுத்தால் காய் எதுபோலவும் இல்லை. ஓட்டைச் சுருக்கி வரைந்து பார்த்தேன், புளியங்கொட்டை போல ஆனது. நீட்டிப் பார்த்தேன், உள்ளே ஓர் அறை காலியாகத் தெரிந்தது. காலியாகத்தான் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன், வேறென்ன செய்ய. எனக்கு முன்பே அங்கே வந்திருந்த சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கோடு கொஞ்சம் மெல்லிசாகீது பாரு" என்று ஒருதரம் சொன்னார். தன்னை எடுத்துவிட்ட படத்துக்குக் கோடு சரிபார்த்துக் கொடுத்தார்.

முள்ளை என்னிடமே கொடுத்து ஓட்டச் சொன்னார் வெட்டுகிறவர். ஓட்டினேன். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்டப் பித்தளை சுருள் சுருளாக எழுந்தது. ஓட்டின் கரை வந்தது, ஒரு பருப்பு வந்தது. அடுத்த அறைக்கு வந்ததும் ஓட்டப் பள்ளம் இல்லை. கையைத் தூக்க வேண்டும், தூக்கினேன். அந்த இடம் மட்டும் பித்தளை தொடப்படாமல் கண்ணாடியாகக் கிடந்தது, அதில் என் முகம் பாதி தெரிந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை சித்தப்பா கூடவே வந்தார். அச்சைத் துணியில் சுற்றி என் பையில் அவரே வைத்தார். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, நான் கோவமா போவலன்னு."

"அப்பாகிட்ட?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு இரண்டடி நடந்தார்.

"அவுருக்கு நீ ஒண்ணும் சொல்லாத. கைய உள்ள இழு, வண்டி வருது."