தலைமையும் முன்னிலையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் தேசப்பனுக்கு இருபத்தாறு வருஷ வேலை. கட்சியில் முப்பது வருஷம். ஆலையில் இன்னும் ஒப்பந்தத் தொழிலாளி, கட்சியில் இன்னும் கிளைச் செயலாளர். அதற்கு மேல் ஒரு படி ஏறியதில்லை, ஏற்றிவிடச் சொல்லி யாரிடமும் கேட்டதும் இல்லை.

அவருக்கு இருந்தது சாதாரணக் கட்சிப் பைத்தியம் அல்ல. மகள் பிறந்தபோது தலைவர் வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று பதினோரு மாதம் குழந்தையைப் பெயரில்லாமல் வைத்திருந்தார். தடுப்பூசி அட்டையில்கூட 'பெண் குழந்தை' என்றுதான் இருந்தது. மனைவி சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் வந்தார். நெரிசலில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைவரை முண்டியடித்துப் போனவர் பாக்கியநாதன், ஆலையிலும் கட்சியிலும் தேசப்பனின் கூட்டாளி. 'புகழரசி' என்றார் தலைவர். இவள் கல்யாணம் ஐயர் இல்லாமல், கட்சிக்காரர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுத்துத்தான் நடக்கும் என்று தேசப்பன் அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டார்.

பிறகு தலைவர் போய்ச் சேர்ந்தார். இருபத்தைந்து வருஷமாகத் திட்டித் தீர்த்தவர்களோடேயே கட்சி கூட்டணி வைத்தது. "பதவியில் இருந்தால்தான் கொள்கையைக் காப்பாற்ற முடியும்" என்றார் மாவட்டச் செயலாளர் வீரராகவன். "கொள்கையை விற்றுவிட்டு எதைக் காப்பாற்றுவது?" என்று திருவள்ளூர் வக்கீல் அருணாச்சலம் தனிக்கூட்டம் போட்டார். பாக்கியநாதன் வக்கீல் பக்கம் போனார். தேசப்பனுக்கோ இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. இந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய வியாதி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் செவ்வாப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. தேசப்பன் பத்திரிகையில் 'தலைமை: வீரராகவன், முன்னிலை: அருணாச்சலம்' என்று அச்சடித்தார். கட்சிக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

"கல்யாண ஊட்டுக்கு வராமயா பூடுவாங்க? ஒரே மேடையில குந்த வச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் மனைவியிடம்.

"நீ பொண்ண கட்டிக் குடுக்கறியா, கட்சிய ஒட்டவைக்கறியா?" என்றாள் சின்னப்பொண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், மண்டபத்து வாசல் பேனரில் இரண்டு முகங்களையும் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். இவர் முகத்தை அந்தக் கூட்டம், அவர் முகத்தை இந்தக் கூட்டம். நடுவில் மணமக்கள் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதரை ஆயிற்று. தலைமையும் வரவில்லை, முன்னிலையும் வரவில்லை, போனைக்கூட எடுக்கவில்லை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்பது சம்பந்தி துளசிராமன் போட்ட ஒரே நிபந்தனை.

எதிர்ச்சாரி டீக்கடையில் பாக்கியநாதன் நின்றிருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். தேசப்பன் ரோட்டைத் தாண்டி ஓடினார்.

"உள்ள வா பாக்கியம். நீயே தாலி எட்த்துக் குடு. நீ தோள்ல தூக்கினு போன பொண்ணுடா."

"உன் பத்திரிகையில அந்தாளு பேரு கீதே தேசப்பா. நான் உள்ள வந்தா என்னைக் கட்சிய வுட்டே தூக்கிடுவாங்க."

"பேர அட்ச்சிட்றேன். இப்பவே அட்ச்சிட்றேன்."

பாக்கியநாதன் டீ கிளாஸோடு கடைக்குள் நகர்ந்துகொண்டார். திரும்பி வரும்போது நட்ட நடு ரோட்டில், லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போக, தேசப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து மணிக்குத் துளசிராமன் பக்கத்துத் தெருக் கோயிலிலிருந்து ஐயரை அழைத்து வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐயர் பெண்ணின் நட்சத்திரம் கேட்டார். ஜாதகமே எழுதாத தேசப்பன் விழித்தார். "பரவாயில்ல, பேருக்குப் பாத்துக்கலாம்" என்று ஐயர் அவசர அவசரமாக ஓமம் வளர்த்தார். முப்பது வருஷமாக வாழ்க, ஒழிக என்று உயர்ந்த கையில் தர்ப்பையை மாட்டிவிட்டார். புகழரசி அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவர் உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு அணிக்கும் சேர்த்து ஆக்கிய சோறு பாதி அண்டாவிலேயே கிடந்தது. மதியம் வக்கீல் அணியின் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. ஓமத்தின் முன்னால் தேசப்பன் தர்ப்பையோடு உட்கார்ந்திருக்கும் படம், அதன் கீழே: 'கிளைத் துணைச் செயலாளர் பாக்கியநாதன் அளித்த புகாரின்பேரில், கொள்கைக்குக் களங்கம் விளைவித்த தேசப்பன் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் எவரும் இவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது.' ஒரு மணி நேரம் கழித்து வீரராகவன் தரப்பிலிருந்தும் ஒன்று வந்தது. காரணம் வேறு, கடைசி வரி அதேதான்.

செவ்வாப்பேட்டைக்குப் போகும் வண்டியில் ஏறும்போது புகழரசி திரும்பினாள்.

"பாக்கியம் மாமா வந்துச்சாப்பா? சாப்ட்டுச்சா?"

தேசப்பன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சாப்ட்டாரும்மா" என்றார். "நல்லா சாப்ட்டாரு."